மார்கழிப் பனியும் எர்த் வயரும்

மார்கழி பிறந்துட்டா கிணத்துக்கடவுல ஒரு பேச்சு தவறாம காதுல விழும். "பனி ஜாஸ்தியாயிருச்சுங்க, அதான் வண்டி எடுக்க மாட்டேங்குது." மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டு வர்ற பிக்கப் டிரைவர் சொல்வார், விடியக்காலையில பொன்மலைக் கோயிலுக்குக் கிளம்பற குடும்பம் சொல்லும், டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க எல்லாரும் ஆமாம்னு தலையாட்டுவாங்க. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பேச்சைப் பத்தித்தான். பனி மேல பழியைப் போட்டுட்டு வண்டியில என்ன கோளாறுன்னு பாக்காமலே பேட்டரியை மாத்தற பழக்கம் நம்ம பக்கத்துல வேரோடி இருக்கு. நல்லா இருக்கற எத்தனையோ பேட்டரி இந்த மாசத்துல பழைய விலைக்குப் போகுது.

நம்ம ஊரு பனி எவ்வளவுன்னு முதல்ல பாத்துருவோம். டிசம்பர், ஜனவரி விடியக்காலையில இங்க 17, 18 டிகிரி இருக்கும். நல்லா நடுங்கற வருஷத்துல 15 பக்கம் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிர்ல இருக்கறதால காத்து அடிச்சா நமக்கு இன்னும் கூடுதலா குளிரும். ஆனா காத்து நம்ம தோலுக்குத்தான் குளிரு. ராத்திரி முழுக்க நின்ன இன்ஜினுக்கு, காத்து அடிச்சாலும் அடிக்காட்டியும் 17 டிகிரின்னா 17 டிகிரிதான். பூஜ்யத்துக்குக் கீழ போற ஊர்லயும் டீசல் கார் தெனமும் காலையில கிளம்புது. 17 டிகிரியில மக்கர் பண்ணுதுன்னா கோளாறு வண்டிக்குள்ள இருக்கு.

"டீசல் உறைஞ்சு போச்சு"ன்னு ஒரு உறவுக்காரர் என்கிட்ட அடிச்சுச் சொன்னார். டீசல்ல மெழுகு உண்டு, கடுங்குளிர்ல அது திரண்டு ஃபில்டரை அடைக்கும், அது நிசம். லடாக்குல அந்தத் தொல்லை பெருசா இருந்ததாலதான் 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் அங்கேயே விக்கறதுக்குன்னு தனியா ஒரு குளிர்கால டீசல் கொண்டு வந்தாங்க. மைனஸ் 33 டிகிரி வரைக்கும் அது ஓடும். கார்கில்ல இருக்கறவங்க கவலைப்பட வேண்டிய விஷயம் அது. கோவில்பாளையத்துலயும் கிணத்துக்கடவுலயும் டீசல் உறையாது.

அப்போ குளிரு என்னதான் பண்ணுது? சின்னச் சின்னதா மூணு வேலை பண்ணுது. பேட்டரிக்குள்ள நடக்கற ரசாயன வேலை மெதுவாகுது, அதனால தர்ற கரண்ட் கொஞ்சம் குறையுது. இன்ஜின் ஆயில் கெட்டியாகுது, செல்ஃப் மோட்டாருக்குச் சுமை ஏறுது. டீசல் வண்டியா இருந்தா உள்ள இழுக்கற காத்து குளிர்ந்தே வருது, அதை அமுக்கிச் சூடாக்க இன்னும் பாடுபடணும். ஒழுங்கா இருக்கற வண்டிக்கு இது மூணும் சேந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஏற்கனவே ரெண்டு இடத்துல பலவீனமா இருக்கற வண்டிக்குத்தான் தாங்காது.

பேட்டரிக்கு அந்தப் பலவீனம் வர்றது பெரும்பாலும் சித்திரை வெயில்லதான். மார்ச், ஏப்ரல்ல நம்ம பக்கம் 36 டிகிரி தாண்டுது. மூடின பானெட்டுக்குள்ள, ஓடி நின்ன இன்ஜினுக்குப் பக்கத்துல சூடு இன்னும் எவ்வளவோ கூட. அந்தச் சூட்டுல பேட்டரித் தண்ணி வத்துது, உள்ள இருக்கற பிளேட் அரிக்குது. ஆனா வெயில் காலத்துல இன்ஜின் ஆயில் இளகி இருக்கறதால, பாதி உசுரோட இருக்கற பேட்டரி கூட செல்ஃபைச் சுத்திடும். எட்டு மாசம் கழிச்சு ஒரு குளிர்ந்த காலையில அது கையை விரிக்கறப்போ நாம பனியைத் திட்டறோம். பேட்டரியைச் சோதிக்கணும்னா ஐப்பசியிலயே சோதிச்சுரணும்.

இப்போ எங்க வண்டி கதைக்கு வர்றேன். எங்ககிட்ட இருக்கறது பழைய டீசல் கார், காமன் ரயில் வராத காலத்து இன்ஜின். பதினஞ்சு வருஷம் முடிஞ்சு மறுபதிவு பண்ணி ஓட்டிக்கிட்டு இருக்கோம். அப்பாவுக்கு அது மேல தனிப் பாசம், எனக்கும்தான். போன கார்த்திகையிலயே காலையில எடுக்கறப்போ ஒரு தயக்கம் தெரிஞ்சுது. சாவி திருப்புனா "ர்ர்ரூ... ர்ர்ரூ..."ன்னு இழுத்து இழுத்துச் சுத்தும். மார்கழியில அது கூடிப்போச்சு. கோயமுத்தூர்ல ஒரு கடையில காட்டுனோம். பானெட்டைத் தூக்கினவுடனே "பேட்டரி போச்சுங்க, இந்தக் குளிர்ல வீக்காயிருச்சு"ன்னு சொல்லிப் புதுசு மாட்டி அனுப்பினாங்க. மீட்டர் எதையும் யாரும் வெளிய எடுக்கல. ஒரு வாரம் கொஞ்சம் தேவலைன்னு இருந்துச்சு, அப்புறம் பழையபடி இழுவை.

எனக்கு அது உள்ளுக்குள்ள உறுத்துச்சு. புது பேட்டரி போட்டும் அதே சத்தம்னா பழசு மேல சாட்டின குத்தம் பொய்தானே? எங்க ஊர்ல ரோட்டோரமா ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கார். சின்ன ஷெட்டுதான், ஆனா கை சுத்தம், பேச்சும் சுத்தம். ராத்திரி வண்டியை அவர் ஷெட்டுலயே விட்டுட்டு வரச் சொன்னார். "ஆறின இன்ஜினா இருந்தாத்தானுங்க சீக்கு தெரியும். ஓட்டிக்கிட்டு வந்து காட்டுனா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்" அப்படின்னார். காலையில ஆறு மணிக்கு நான் போறப்போ அவர் குல்லா போட்டுக்கிட்டு மல்டிமீட்டரோட தயாரா நின்னுக்கிட்டு இருந்தார்.

முதல்ல பேட்டரி ரெண்டு முனையிலயும் மீட்டர் வெச்சார். 12.6 வோல்ட். முழுசா சார்ஜ் ஏறின பேட்டரின்னு அர்த்தம். 12.4 இருந்தா முக்கால் பங்கு, 12.2 இருந்தா பாதிதான் இருக்குன்னு கணக்கு. என்னைச் சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டரையே பாத்துக்கிட்டு இருந்தார். செல்ஃப் சுத்தறப்போ 10.5-ல நின்னுச்சு. அந்த நேரத்துல 9.6-க்குக் கீழ விழுந்தாத்தான் பேட்டரியைச் சந்தேகப்படணும்.

"ஏனுங்க, பேட்டரியில குத்தமே இல்லையே. இதுக்கு முன்னாடி இருந்ததை எதுக்குங்க கழட்டுனாங்க?"

"பனியில வீக்காயிருச்சுன்னாங்கண்ணா."

"பனியாவது ஒண்ணாவது. பேட்டரியில 10.5 இருக்குது, செல்ஃப் மோட்டார் நொண்டுது. நடுவுல கரண்ட் எங்கியோ நிக்குதுங்க."

அதுக்கப்புறம் அவர் பண்ணினதுதான் இந்தப் பதிவை எழுத வெச்சுது. மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் ஈயக்கட்டை மேலயும், இன்னொரு முனையை இன்ஜின் பாடியில ஒரு சுத்தமான போல்ட்டு மேலயும் வெச்சுக்கிட்டு சாவி திருப்பச் சொன்னார். ரெண்டும் ஒரே எர்த்துதான், நடுவுல வோல்டேஜ் தெரியவே கூடாது. செல்ஃப் சுத்தறப்போ 0.2, மிஞ்சிப் போனா 0.3 வரலாம். எங்க வண்டியில 1.4 காட்டுச்சு. பேட்டரி தர்ற 10.5-ல ஒண்ணரை வோல்ட்டு கிட்ட எர்த் வழியிலயே தொலைஞ்சு போகுது.

தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். கம்பத்துல வோல்டேஜ் நல்லா இருந்தும், ஸ்டார்ட்டர் பெட்டியில ஒரு ஜாயின்ட் லூசா இருந்தா போர் மோட்டார் உறுமிக்கிட்டு நிக்குமே, அதேதான் இதுவும். மோட்டாரை மாத்தினாலும் தண்ணி வராது, டிரான்ஸ்ஃபார்மரை மாத்தினாலும் வராது, அந்த ஜாயின்ட்டைப் பாக்கணும். கார்ல செல்ஃப் மோட்டார் சுத்தற அந்த ரெண்டு செகண்டுல நூத்துக்கணக்கான ஆம்பியர் ஓடுது. அவ்வளவு கரண்ட் போற வழியில ஒரு சின்ன துரு இருந்தாலும் வோல்டேஜை முழுங்கிடும். அதே துரு ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் தெரியவே தெரியாது, ஏன்னா அதுக்கெல்லாம் சில ஆம்பியர் போதும். "லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கல"ன்னு சொல்றவங்க அந்த வழியை ஒருக்கா பாத்துரணும்.

இடம் கண்டுபிடிக்க மீட்டர் முனையை ஒவ்வொரு அடியா நகர்த்துனார். பேட்டரிக் கட்டையில இருந்து கிளாம்ப்புக்கு, ஒண்ணுமில்ல. கிளாம்ப்புல இருந்து பாடிக்கு, ஒண்ணுமில்ல. பாடியில இருந்து கியர் பாக்ஸுக்கு, அங்கதான் அந்த 1.4. வண்டிக்கு அடியில படுத்து, பாடியையும் கியர் பாக்ஸையும் இணைக்கற எர்த் வயரைக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்தார். மேல பாத்தா கறுப்பு ரப்பர் நல்லாத்தான் இருந்துச்சு. லக் பக்கத்துல பிளேடால ரப்பரைக் கீறினதும் உள்ள இருந்து பச்சையும் வெள்ளையுமா பொடி கொட்டுச்சு. ஒரு விரல்கடை நீளத்துக்குச் செம்புன்னு சொல்ல ஏதுமில்ல. எஞ்சின சில இழைகளைக் கையால தொட்டாலே உதிருது. மழைத்தண்ணியும் ரோட்டுச் சகதியும் அந்த ஓரத்துல வருசக்கணக்கா ஏறி ஏறி உள்ளேயே தின்னிருக்கு. அதைப் பாத்தப்போ எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் நிம்மதி.

அதே தடிமனுக்குப் புது வயர் வெட்டி, லக்கை நல்லா அழுத்திப் பிடிச்சு, பாடியில போல்ட்டு உக்கார்ற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு மின்ன விட்டு, மாட்டி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுனார். அந்தப் பெயின்ட் சுரண்டற வேலையைப் பல பேர் விட்டுடறாங்க. பெயின்ட் மேல போல்ட்டு முறுக்குனா அது எர்த்தே இல்ல.

சாவி திருப்புனேன். செல்ஃப் என்னா வேகம்! ஆனா இன்ஜின் உடனே பிடிக்கல. கொஞ்ச நேரம் சுத்தினதுக்கு அப்புறம் ஒரு பக்கமா உதறிக்கிட்டுப் பிடிச்சுது, பின்னால வெள்ளைப் புகை ஷெட்டையே மூடிருச்சு. டீசல் நாத்தம் கண்ணை எரிச்சுது. "ரெண்டாவது சீக்கு இங்க இருக்குது பாருங்க"ன்னு அண்ணன் சிரிச்சார்.

வெள்ளைப் புகைன்னா உள்ள போன டீசல் எரியாம ஆவியா வெளிய வருதுன்னு அர்த்தம். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் ப்ளக் கிடையாது. காத்தை இருபது பங்கு வரைக்கும் அமுக்கி, அந்தச் சூட்டுலயே டீசலைப் பத்த வைக்கறதுதான் ருடால்ஃப் டீசல் 1897-ல ஓட்டிக் காட்டின வித்தை. டீசல் தானாப் பத்திக்க 200 டிகிரிக்கு மேல சூடு வேணும். இன்ஜின் வேகமா சுத்தினா அந்தச் சூடு வந்துரும். மெதுவா சுத்தினா அமுக்கற நேரத்துலயே சூடு சிலிண்டர் சுவத்துல இறங்கிடும், காத்தும் பிஸ்டன் ரிங் ஓரமா கசியும். எங்க வண்டி மாதிரி பழைய இன்ஜின்ல டீசல் முதல்ல ஒரு குட்டி அறைக்குள்ள எரிஞ்சுதான் சிலிண்டருக்கு வரும். அந்தக் குட்டி அறையோட இரும்பு சூட்டை உறிஞ்சிக்கும். அதுக்குத்தான் சிலிண்டருக்கு ஒண்ணா ஹீட்டர் ப்ளக் வெச்சிருக்காங்க. புதுசா வர்ற காமன் ரயில் வண்டிங்க டீசலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கறதால நம்ம ஊர்க் குளிருக்கு ஹீட்டர் இல்லாமயே கிளம்பிடும், பழசு கிளம்பாது.

ஹீட்டர் ப்ளக்கைச் சோதிக்க அதைக் கழட்டவே வேண்டாம். நாலையும் இணைக்கற பட்டையை மட்டும் எடுத்துட்டு, ஒவ்வொரு ப்ளக் தலைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவுல ஓம் பாக்கணும். மீட்டர் வயர் ரெண்டையும் முதல்ல ஒண்ணோட ஒண்ணு தொட வெச்சு, அது காட்டறதைக் கழிச்சுக்கணும், ஏன்னா நாம தேடறதே ஒரு ஓம் சொச்சம்தான். எங்க வண்டியில ரெண்டு ப்ளக் ஒரு ஓம் பக்கம் காட்டுச்சு, மத்த ரெண்டும் அசையவே இல்ல. உள்ள இழை அறுந்து போச்சு. நாலு சிலிண்டர்ல ரெண்டு மட்டும் பிடிச்சு மத்த ரெண்டை இழுத்துக்கிட்டு ஓடினதுதான் அந்த உதறல். பட்டைக்கு ரிலே வழியா 12 வோல்ட் வருதான்னும் பாத்தார், வந்துச்சு.

நாலையும் சேத்தே மாத்தினோம். ஆறின இன்ஜின்ல முரட்டுத்தனமா ஸ்பேனர் போட்டா ப்ளக் பாதியில ஒடிஞ்சு ஹெட்டுக்குள்ள மாட்டிக்கும். அப்புறம் ஹெட்டையே இறக்கற செலவு. அண்ணன் முன்னாடியே துரு விடற ஆயில் அடிச்சு வெச்சிருந்தார், இன்ஜினை ஓட விட்டுச் சூடானதுக்கு அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா முன்னும் பின்னும் அசைச்சுக் கழட்டுனார். அவசரமே படல. மறுநாள் காலையில டேஷ்போர்டுல அந்தச் சுருள் மாதிரி மஞ்சள் விளக்கு அணையற வரைக்கும் பொறுத்துட்டுச் சாவி திருப்புனேன், அரை நொடியில பிடிச்சுது. நிறையப் பேர் அந்த விளக்கு அணையறதுக்குள்ள செல்ஃப் அடிச்சிடறாங்க. பழைய டீசலுக்கு அந்தச் சில விநாடியைக் கட்டாயம் குடுக்கணும்.

வேலை முடிஞ்சு பாத்தா மொத்தச் செலவு, அந்தக் கடையில புது பேட்டரிக்குக் குடுத்ததுல பாதி கூட இல்ல.

சத்தத்தைக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிடலாம்னு அண்ணன் சொல்லிக் குடுத்தார். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு எதுவும் சுத்தலைன்னா சொலினாய்டு இல்ல செல்ஃப் மோட்டார் கார்பன். "டக்டக்டக்டக்"னு படபடன்னு அடிச்சு விளக்கு மங்குச்சுன்னா பேட்டரி, இல்ல அதோட கிளாம்ப். இழுத்து இழுத்துச் சுத்துனா எங்க கதை. நல்ல வேகமா சுத்தியும் பிடிக்காம, புகையும் வரலைன்னா டீசல் உள்ளேயே போகல, ஃபில்டர் பக்கம் ஏர் இழுக்குதான்னு பாருங்க. ராத்திரியில டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடற வண்டியில, காலையில ஃபில்டர் மேல இருக்கற கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினதும் கிளம்புச்சுன்னா அந்தச் சந்தேகம் உறுதி.

பேட்டரியே குறைஞ்சு போச்சுன்னாலும், அது ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கணும். இன்ஜின் ஓடறப்போ பேட்டரி முனையில 13.8-ல இருந்து 14.5 வரைக்கும் வரணும், வரலைன்னா டைனமோ பக்கம் போங்க. டைனமோவும் நல்லா இருந்தா, ராத்திரி முழுக்கக் கரண்ட் குடிக்கற கேமரா, ஜிபிஎஸ் ஏதாவது மாட்டியிருக்கானு பாருங்க. வீட்டுல இருந்து கடைவீதிக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டும் ஓட்டற வண்டிக்கு, செல்ஃப் அடிச்சதுல செலவானதே திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒருக்கா பொள்ளாச்சி வரைக்காவது போயிட்டு வந்தா பேட்டரிக்கு நல்லது.

காலையில நின்னு போன வண்டியைக் கிளப்ப நம்ம பக்கம் பண்ற ரெண்டு காரியம் எனக்குப் பயமா இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. ஏர் கிளீனரைக் கழட்டி பெட்ரோல்ல நனைச்ச துணியை வைக்கறது ஒண்ணு. ஹீட்டர் ப்ளக் செக்கச் செவேல்னு காஞ்சுக்கிட்டு இருக்கற இன்ஜினுக்குள்ள பெட்ரோல் ஆவி போனா வெடிக்கும், பிஸ்டனும் உடையும், பக்கத்துல நிக்கறவர் முகமும் வேகும். ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் அப்படித்தான். இன்னொண்ணு, ரோட்டுல போற லாரியை நிறுத்தி கேபிள் போடறது. டிராக்டர் பேட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், பரவாயில்ல. லாரி பெரும்பாலும் 24 வோல்ட். கம்ப்யூட்டர் இருக்கற கார்ல அதைக் குடுத்தா கண்ட்ரோல் யூனிட் புகைஞ்சு போகும். 12 வோல்ட்டுல இருந்து எடுக்கறப்போவும் சிவப்பு கேபிளை ப்ளஸ்ஸோட ப்ளஸ்ஸா போட்டுட்டு, கறுப்பு கேபிளோட கடைசி முனையை நின்னு போன வண்டியோட பேட்டரி மேல வைக்காம, தள்ளி இன்ஜின் இரும்புல வைங்க. கடைசியா மாட்டற இடத்துலதான் பொறி பறக்கும், பேட்டரி மேல ஹைட்ரஜன் நிக்கும்.

தைக்கு ஊட்டிக்கும் வால்பாறைக்கும் கிளம்பறவங்களுக்கு ஒரு வார்த்தை. தலைக்குந்தா, காந்தல் பக்கம் டிசம்பர் கடைசியில, ஜனவரியில புல்லு மேல உறைபனி வெள்ளையா படியும், விடியக்காலையில பூஜ்யத்தைத் தொடும். அது நிசமான குளிர். இங்க 17 டிகிரியில லேசா இழுக்கற வண்டி அங்க காலையில அசையவே அசையாது. போறதுக்கு முன்னாடி, ராத்திரி நின்ன வண்டியில, சாவி போடறதுக்கு முன்னயும் செல்ஃப் சுத்தறப்பவும் ஒரு தடவை மீட்டர் வெச்சுப் பாத்துருங்க, பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுலயும் ஒரு தடவை வைங்க. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தி ஓட்டறவங்க அதை இறக்கிட்டுக் கூலன்ட் ஊத்திக்கிட்டுப் போங்க. மீட்டர் இல்லாதவங்க எங்க ஊருக்கே வாங்க. அண்ணன் ஷெட்டு காலையில ஆறு மணிக்கெல்லாம் திறந்திருக்கும். வண்டியை மட்டும் முந்தின நாள் ராத்திரியே கொண்டாந்து விட்டுருங்க.